ஜெப வேளைத் திருடன்

நான்காம் அத்தியாயம்

"பதினாலு," என்றாள் தேவகனி. "நேத்து பதினஞ்சு கிடந்துது. பூட்டு பூட்டினபடி இருக்கு, வலை கெட்டினபடி இருக்கு. குஞ்சை மட்டும் காணல, அண்ணாச்சி."

துப்பறியும் ரசலையன் கோழிக்குஞ்சுக் கூட்டின் முன்னால், ஆனிச் சாரலில் நனைந்த மண்ணில் குப்புறப் படுத்து மோந்துகொண்டிருந்தார்.

ரசலையனின் மூக்கு ஆரல்வாய்மொழிச் சுங்கச் சவுக்கையில் இருபத்திரண்டு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தது. கூடவே அவரும் பார்த்தார். ஒருமுறை, இந்த ஆடு என்ன இவ்வளவு வெள்ளம் குடிக்கிறதே என்று யோசித்து, அது நக்கிக்கொண்டிருந்த ஆட்டுக்காரனுடைய தலைப்பாகையிலிருந்து ஒன்றேகால் மணங்கு கள்ள உப்பை இறக்கினார். ஒன்றேகால் மணங்கு உப்பு ஒரு தலைப்பாகைக்குள் எப்படி அடங்கும் என்று கேட்கிறவர்கள் அந்தத் தலைப்பாகையைப் பார்க்காதவர்கள். பென்ஷன் வந்த பிறகும் மூக்கு சும்மா இருக்கச் சம்மதிக்காததால் துப்பறிய இறங்கிவிட்டார்.

அவருடைய உதவியாளர் நாராயணபெருமாள். வில்வண்டி அவருடையது, மாடு அவருடையது, வாயும் அவருடையது. மூன்றில் வாய் மட்டும்தான் நிற்காமல் ஓடும்.

"அண்ணாச்சி, எழும்பும். நீரு படுத்திருக்கதப் பாத்து குஞ்செல்லாம் வேற ஏதோ மிருகம் வந்திருக்குன்னு பயப்படுது."

ரசலையன் எழுந்து கூட்டைச் சுற்றி வந்தார். குழித்துறையிலேயே இப்படி ஒரு கூடு கிடையாது. உடைந்த வள்ளத்தின் பலகைகளால் செய்த பெட்டி. கருங்கல் பாறைமேல் உட்கார்ந்திருந்தது. முன்னால் குஞ்சுகள் மேய ஒரு முற்றம். சுற்றிக் கம்பி வலை. பருந்துக்காக மேலே இரட்டை மடிப்பில் மீன்வலை. கதவில் பித்தளைப் பூட்டு. அதன் சாவி தேவகனியின் கழுத்துக் கயிற்றில். பெட்டியின் பின்பக்கம் வட்டமாக ஓர் ஓட்டை. அதில் உமிக்கனல் நிறைந்த மண்சட்டி ஒன்று இறுகச் செருகியிருந்தது. சட்டியின் வயிறு உள்ளே இருந்து குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும். வாய் வெளியே இருந்து புகை விடும்.

நாராயணபெருமாள் சட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"இந்த வழியா வந்தாம்னா, கள்ளன் வெந்துதான் உள்ள போகணும். வெந்தவனுக்கு எதுக்கு ஓய் கோழிக்குஞ்சு?"

ரசலையன் தலையை ஆட்டினார். அந்த வழி அத்துடன் அடைபட்டது.

தேவகனி சிரிக்கவில்லை. அவள் சிரித்துப் பதினோரு நாளாகியிருந்தது. கணவன் போன வருஷம் விஷக்காய்ச்சலில் போனான். கிராமச் சங்கத்தார் லெகான் என்கிற வெள்ளைச் சீமைக் கோழியை நாட்டில் பரப்ப வேண்டுமென்று, எட்டு சபைகளில் எட்டு பெண்களைப் பொறுக்கி ஆளுக்கு முப்பது குஞ்சு கொடுத்தார்கள். வருகிற திங்கட்கிழமை சங்கக் காரியதரிசி சுந்தரராஜ் வந்து பார்ப்பார். பன்னிரண்டு குஞ்சாவது உயிரோடு வைத்திருப்பவளுக்கு, மற்றப் பெண்களுக்குக் கோழி வளர்க்கச் சொல்லிக்கொடுக்கும் வேலை. மாதச் சம்பளம்.

அந்த வேலை இல்லையென்றால் அவளுக்கு மீதி இருந்தது தேயிலை மலைதான். அதே திங்கட்கிழமை மத்தியானம் கங்காணியின் ஆள் வருவான். சின்னப் பிள்ளையோடு வருகிறவள் கொழுந்து கிள்ளமாட்டாள் என்று கங்காணி சொல்லிவிட்டான். மூன்று வயது மகள் ராகேலைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் போகவேண்டும்.

"எனக்க அக்கா மலைக்குப் போவும்பம் அவளுக்க மகனுக்கு மூணு வயசு," என்றாள் தேவகனி. "ஏழு வருசம் களிஞ்சு வந்தா. அவன் இவளப் பாத்து, ஆருன்னு கேட்டான்."



"எப்பம்லாம் போச்சு, எத்தனை போச்சு? ஓர்மையிருந்து சொல்லு பிள்ளே," என்றார் ரசலையன்.

"எல்லாம் விடியக்காலம்தான். எழும்பிப் பாப்பேன், சரியா இருக்கும். குடும்ப ஜெபம் முடிச்சு வந்து பாப்பேன், ஒண்ணு குறையும். ஞாயித்துக்கிழமை ரெண்டு போச்சு. ராகேலுக்குக் காய்ச்சல் அடிச்ச அன்னைக்கு ஜெபமே பண்ணல, அன்னைக்கு ஒண்ணும் போகல. பெறகு உபதேசியார வரச்சொன்னேன். இந்தக் கூட்டுக்காகவே அரைமணிக்கூறு முழங்கால்ல நின்னு ஜெபிச்சாரு. நல்ல மனுசன், அழுதுட்டாரு."

"அன்னைக்கு?"

"அஞ்சு."

"உபதேசியாருக்க மடியத் தடவிப் பாத்தியாம்மா?" என்றார் நாராயணபெருமாள்.

"வே!" என்று அதட்டினார் ரசலையன்.

"சொல்லுகேன் அவ்வளவுதான்."

வேலிக்கு அப்பால் ஒரு பனையிலிருந்து பனையேறி இசக்கி இறங்கிக்கொண்டிருந்தான். இடுப்பில் பாளை அரிவாள், பதநீர் நிறைந்த அக்கானிக் கலயம். இவர்கள் பார்ப்பதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தான்.

"அவன்தான்னு ஊரே சொல்லுது," என்றாள் தேவகனி தாழ்ந்த குரலில். "நாங்க எல்லாரும் கண்ண மூடி இருக்கப்பம் இந்தப் பக்கம் கண்ணத் தொறந்து இருக்கவன் அவன் ஒருத்தன்தான். வேற பனை எத்தனையோ உண்டு. விடியக்காலம் இந்தப் பனையிலதான் ஏறுகான். ஏன்னு கேட்டா வாயத் தொறக்கமாட்டான். நாளைக்கு போலீஸ் கச்சேரில பிடிச்சுக் குடுக்கப்போறதா ஆம்பிளையளு பேசுகாவ."

ரசலையன் பூட்டை மூக்குவரை கொண்டு போனார். "இசக்கி கையில அக்கானி மணம்லா வரும். இது வேற. மத்தி மீன் எண்ணெய். கடப்புறத்து மணம். இந்தப் பூட்டுக்குச் சாவி எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு எனக்க களுத்துல. மத்தது கூடு செய்த ததேயுஸ் அண்ணன்கிட்ட. இனயம் கடப்புறத்துக்காரரு."

ரசலையனும் நாராயணபெருமாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வண்டி கிளம்பும்போது தேவகனி ஓடிவந்து சட்டத்தைப் பிடித்தாள்.

"ரெண்டு போனா பன்னிரண்டு. மூணு போனா நான் மலைக்கு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, அண்ணாச்சி. பக்கத்து வீட்டு பெண்ணுங்களையும் கூட்டி உபவாச ஜெபம் வச்சிருக்கேன். விடியக்காலம் ஒரு மணிக்கூறு."

"நல்லது பிள்ளே," என்றார் ரசலையன். "நல்லா நீட்டி ஜெபி."

துப்பறியும் வாழ்க்கையில் அவர் சொன்ன ஆலோசனைகளிலேயே மோசமானது அதுதான். அது அவருக்குத் தெரிய இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது.

*

இனயம் கடற்கரையில் ததேயுஸ் ஒரு வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு, துணியை எண்ணெயில் முக்கி, குழந்தைக்குத் தேய்ப்பதுபோலத் தேய்த்துக்கொண்டிருந்தார். கையால் சுறாவின் வாயைப் பிளந்தவர் என்று ஊரில் சொல்வார்கள். எந்தச் சுறாவும் மறுக்கவில்லை.

"சாவியா?" என்றார். "அத தூண்டில்ல ஈயத்துக்குப் பதிலா கெட்டினேன். சித்திரையில ஒரு சுறா சாவி, தூண்டில், கயிறு எல்லாத்தையும் கொண்டுட்டுப் போச்சு."

"அப்பம் கள்ளன் சுறாதான்," என்றார் நாராயணபெருமாள். "குழித்துறை ஆறு வழியா வந்திருக்கும். வாரும் அண்ணாச்சி, கைவிலங்கு பெருசா வேணும்."

ரசலையன் விடவில்லை. "பூட்டுல உம்ம எண்ணெய் மணம் இருக்கு."

"பூட்டுல மட்டுமா? கூடு முழுக்க இருக்கும். சனிக்கிழமைக்கு சனிக்கிழமை எண்ணெய் தேக்கச் சொல்லி ஒரு குப்பி குடுத்துவிட்டதே நான்தான். மரம்னு இருந்தா மத்தி எண்ணெய் தேக்கண்டாமா? தேக்காத மரத்த செதலு தின்னும்லா."

"கோழிக்கூட்டுலயா ஓய்!" ரசலையன் தலையில் கைவைத்தார். "மீன் மணம் காத்துல போனா நாலு மைல் சுத்துல இருக்க பூனை, கீரி, மரநாய் எல்லாத்துக்கும் நீரு கல்யாண ஓலை அனுப்பினது மாதிரியில்லா ஆச்சு!"

ததேயுஸ் துணியைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது. கடல்காரருக்குத் தன் கை வேலையைக் குறை சொன்னால் பொறுக்காது.

"மணம் பிடிச்சு வரட்டும். வந்து? எனக்க பெட்டி வெள்ளம் கேறாத பெட்டி. வள்ளம் தைச்ச கை இது. எறும்பு உள்ள போவணும்னா எனக்கிட்ட கேட்டுட்டுதான் போவணும். ஓட்டைன்னு பாத்தா ஒண்ணே ஒண்ணு. அதச் சட்டி அடைச்சிருக்கும். கனல் மாத்த எடுத்தா, மாத்தினதும் வச்சிரணும். கண்ண மூடித் தொறக்க நேரம் ஆகாது."

நாராயணபெருமாள் கேட்டார்: "கடல்ல போனா ஜெபம் உண்டா, இல்ல கரையோட சரியா?"

"உண்டு. கண்ணத் தொறந்துட்டுதான்," என்றார் ததேயுஸ். "கண்ண மூடினா அலை கேக்காது."

ரசலையன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் மூக்கு அந்த நேரம் எண்ணெயில் இருந்தது. அதனால் இரண்டு பதில்களும் இரண்டு காது வழியாகவும் வெளியே போய்விட்டன. சாவி போன இடம் தெரிந்தது, எண்ணெய் வந்த இடம் தெரிந்தது. திருடன் மட்டும் அப்படியே இருந்தான். துப்புக்கு இருந்த ஒரே நூல் கையோடு வந்துவிட்டது.

*

திரும்பும் வழியில் புதுக்கடை தாண்டுமுன் மாட்டுக்கு லாடம் கழன்றது. நொண்டியது. பக்கத்தில் ரசலையனின் மைத்துனர் வீடு. விளக்கு வைத்த நேரம். வீட்டார் சாயங்கால ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். ரசலையனும் தலை குனிந்தார். நாராயணபெருமாள் சுசீந்திரம் கோவில் வாசலில் பிறந்தவர். அவர் மரியாதைக்குக் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு மூலையில் இருந்தார்.

மைத்துனர் நல்ல விசுவாசி. மழைக்காக, மாட்டுக்காக, மகாராஜாவுக்காக, மலையில் இருப்பவர்களுக்காக, எல்லோருக்காகவும் ஜெபித்தார். ஆமென் சொல்லி எல்லோரும் கண் திறந்ததும் நாராயணபெருமாள் தொண்டையைச் செருமினார்.

"அண்ணாச்சி, பொரிச்சு வச்சிருந்த மீனப் பூனை கொண்டுபோச்சு. முதல்ல நீரு மகாராஜா பேரச் சொல்லும்பம் ஒண்ணு. பெறகு மலைக்குப் போகும்பம் ஒண்ணு."

"பாத்துட்டா இருந்தீரு? சொல்லண்டாமா வே!" என்று மைத்துனர் கத்தினார்.

"ஜெபத்துல பேசப்பிடாதுன்னு நீருதான சொன்னீரு? இன்னும் கொஞ்சம் நீட்டியிருந்தீருன்னா சட்டியையும் கொண்டுபோயிருக்கும்."

ரசலையன் உட்கார்ந்த இடத்திலேயே கல்லானார்.

நீட்டினால் இன்னும் போகும். சாதாரண நாளில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஜெபம், இரண்டு. ஜெபமே இல்லாத நாள், ஒன்றுமில்லை. உபதேசியார் அரைமணி நேரம் அழுது ஜெபித்த நாள், ஐந்து.

"வே பெருமாளு," என்றார். "விடியக்காலம் சட்டிக்குக் கனல் எங்கிருந்து எடுப்பா அவ?"

"அடுப்புல இருந்துதான்."

"அடுப்ப எப்பம் பத்த வைப்பா?"

நாராயணபெருமாளுக்கே தெரியும். சபைக்கார வீடுகளில் காலை ஜெபத்துக்கு முன்னால் அடுப்பு எரியாது. தேவகனி எழும்பியதும் அவிந்துபோன சட்டியை உருவி அடுப்படியில் வைப்பாள். ஜெபம் முடித்து, அடுப்பு மூட்டி, கனல் அள்ளி, சட்டியைத் திரும்பக் கொண்டு செருகுவாள். அந்த நேரம் முழுக்க அந்த ஓட்டை ஓட்டையாகவே இருக்கும்.

"அவ கதவப் பூட்டினா வே. ஆனா அந்தக் கூட்டுக்குக் கதவு அது இல்ல. நெருப்புதான் கதவு. அவ முழங்கால்ல நிக்குதது வரைக்கும் கதவு அடுப்படியில இருக்கு."

"நாளைக்கு ஒரு மணிக்கூறு ஜெபம்," என்றார் நாராயணபெருமாள்.

"நல்லா நீட்டச் சொன்னேன்," என்றார் ரசலையன்.

*

ராத்திரி முழுக்கக் கொட்டிய மழை விட்டதும், முதல் சேவல் கூவுமுன் கிளம்பினார்கள். மாடு அரை மைல் நொண்டிவிட்டு, வழியில் படுத்துக்கொண்டது. நாராயணபெருமாள் அதைத் திட்டினார், கும்பிட்டார், அதன் தகப்பனுடைய வீரத்தை எடுத்துச் சொன்னார். அது அசை போட்டது. வண்டியை அங்கேயே விட்டு இரண்டு பேரும் ஓடினார்கள். அறுபத்திரண்டு வயது ரசலையன் அன்று ஓடிய ஓட்டத்தைப் பார்த்த ஒரு நாய் முதலில் துரத்தி, பிறகு இரக்கப்பட்டுத் திரும்பியது.

கிழக்கு வெளுத்தபோது கோவில் மணி கேட்டது. ஜெப மணி.

"ஐயோ, அடுப்பப் பத்த... பத்த வச்சிருக்கமாட்டா இப்பம்," என்று மூச்சுக்கு நடுவே சொன்னார் ரசலையன்.

தேவகனியின் வீடு கண்ணில் பட்டபோது உள்ளே பெண்களின் குரல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஜெபம் சூடு பிடித்துவிட்டது. கதவு சாத்தியிருந்தது. ரசலையனுக்கு ஒரே வழிதான் தோன்றியது. இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டி வழியில் நின்றே கத்தினார்:

"ஆமென்! ஆமென்! ஆமென் சொல்லுங்க பிள்ளையளா!"

வெளியே யாரோ ஒரு பரிசுத்தவான் தங்களோடு சேர்ந்து உருகுகிறார் என்று உள்ளே நினைத்துக்கொண்டார்கள். குரல் இரண்டு மடங்காயிற்று.

"ஜெபத்தக் கூட்டிட்டீரு!" என்று அலறிக்கொண்டே நாராயணபெருமாள் வேலியைத் தாண்டி வீட்டுக்குப் பின்னால் பாய்ந்தார்.

பாறைமேல் கூடு. பின்பக்க ஓட்டைக்கு ஒரு முறம் சாய்த்து வைத்திருந்தது. பத்து நிமிஷ வேலைதானே என்று தேவகனி தினமும் வைக்கிற முறம். அது இலேசாக ஆடியது. முறத்துக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு வால், எண்ணெய் தேய்த்த கயிறு மாதிரி வழுக்கி உள்ளே போயிற்று.

நாராயணபெருமாள் யோசிக்கவில்லை. முறத்தைத் தட்டிவிட்டு, ஓட்டையில் முதுகை வைத்து அழுத்தி உட்கார்ந்துவிட்டார்.

"பிடிச்சாச்சு அண்ணாச்சி! கீரி! கள்ளன் உள்ள!"

ரசலையன் மூலை திரும்பி வந்தவர் அப்படியே நின்றார்.

"அட பாவி! குஞ்சும் உள்ளதான வே!"

கூட்டுக்குள் அப்போதுதான் அந்தச் சத்தம் எழும்பியது. பதினாலு சின்னத் தொண்டைகள். முற்றத்துக்குள் நாலைந்து குஞ்சுகள் சிதறி ஓடிக் கம்பியில் மோதின. மீதி பெட்டிக்குள். வழி அடைபட்ட கீரி திருடனாக இருப்பதை விட்டுவிட்டுக் கொலைகாரனாகிவிட்டது.

அந்தச் சத்தம் ஜெபத்துக்குள்ளும் கேட்டது. தேவகனி முடி அவிழ ஓடிவந்தாள். கழுத்திலிருந்த சாவியைப் பிடுங்கினாள், கயிறு அறுபடவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். உள்ளே ஒரு குஞ்சின் குரல் பாதியில் நின்றது.

"மாறும்!"

நாராயணபெருமாளைத் தோளில் பிடித்துத் தள்ளினாள். ஓட்டைக்குள் தோள்வரை கையைவிட்டாள். முகம் பலகையில் அழுந்தியது. ஒரு நொடி. பிறகு கண்ணை இறுக மூடினாள், சத்தம் போடவில்லை. மெல்ல, மெல்ல, கையை வெளியே இழுத்தாள். அவளுடைய கட்டைவிரலைக் கவ்வியபடி கீரி வந்தது. அவள் அதன் கழுத்தைப் பிடித்திருந்தாள், அது அவள் கையைப் பிடித்திருந்தது. யார் யாரைப் பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. வெளிச்சம் பட்டதும் அது விட்டது. நாராயணபெருமாளின் மடியில் ஏறி, தோளில் ஏறி, தலையில் மிதித்து, பாறையிடுக்கில் மறைந்தது.

தேவகனி விரலைப் பார்க்கவில்லை. "எண்ணுங்க," என்றாள்.

ரசலையன் அவளிடம் சாவி வாங்கிக் கதவைத் திறந்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். மூன்றாம் தடவை எண்ணியபோது நாராயணபெருமாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பதினொன்று.

*

பனையில் இருந்த இசக்கி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இறங்கி வந்து வேலியோரம் நின்றான்.

"ஏலே, நீ தினமும் இதப் பாத்தியா?" என்றார் ரசலையன்.

"பாத்தேன்."

"சொல்லப்பிடாதா!"

"கீரி முகத்துல முழிச்சா நல்லதுல்லா," என்றான் இசக்கி. கண் தரையில் இருந்தது. "மழை நேரம் பனையெல்லாம் வழுக்குது. போன மாசம் எனக்க மச்சினன் விழுந்து செத்தான். இந்தப் பனையில ஏறி அதப் பாத்துட்டு மத்த பனையில ஏறினா கால் வழுக்கல. வெளிய சொன்னா பலன் போயிரும்னு... அது குஞ்சு கொண்டுபோவுதுன்னு எனக்குத் தெரியாது, அக்கா. இலையோ தவளையோ, வாயில ஏதோ கவ்வியிருக்கும். அவ்வளவு ஒயரத்துல இருந்து என்னத்தத் தெரியும்?"

கண்ணைத் திறந்திருந்தவன் வாயை மூடியிருந்தான். வாயைத் திறந்து கதறியவர்கள் கண்ணை மூடியிருந்தார்கள். நடுவில் கீரிக்குப் பன்னிரண்டு நாளாக நல்ல சாப்பாடு.

ரசலையன் எண்ணெயைச் சொன்னார், சட்டியைச் சொன்னார், அடுப்பைச் சொன்னார். தேவகனி விரலில் துணி சுற்றியபடி கேட்டாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"ஒண்ணு போனதும் ஜெபத்தக் கூட்டினேன். ரெண்டு போனதும் இன்னும் கூட்டினேன். நான் கூட்டக் கூட்டயா போச்சு, அண்ணாச்சி?"

கீழே கிடந்த முறத்தை ரசலையன் எடுத்துச் சுவரில் சாய்த்தார்.

"ஜெபத்துல குத்தமில்ல பிள்ளே," என்றார். "சட்டி இருக்க வேண்டிய இடத்துல இல்ல. அவ்வளவுதான்."

*

திங்கட்கிழமை காலை காரியதரிசி சுந்தரராஜ் சைக்கிளில் வந்து இறங்கினார். கோட்டு நனைந்திருந்தது. அவர் படலைத் திறப்பதற்குள் நாராயணபெருமாள் தேவகனியின் காதோரம் வந்தார்.

"மூலைவீட்டுல ஒரு நாட்டுக்குஞ்சு நிக்குது. கொஞ்சம் சுண்ணாம்புல முக்கி விட்டா பன்னிரண்டு. பாதித் தூக்கத்துல எண்ணுத மனுசன், கேட்டியா?"

தேவகனி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வேறு வேலை இருப்பதுபோல மாட்டைத் தடவப் போனார்.

"பதினொண்ணு, சார்," என்றாள் சுந்தரராஜ் குனிவதற்கு முன்பே. "ஒண்ணு குறையுது. ஆரும் களவாணல. நான்தான் விடியக்காலம் வழிய தொறந்து வச்சேன்." உள்ளே ராகேலுடைய சட்டைகள் தங்கை வீட்டுக்குப் போக மடித்துத் தயாராக இருந்தன.

சுந்தரராஜ் கூட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். குஞ்சுகளை விரல் நீட்டி எண்ணினார்.

"மத்த ஏழு வீட்டுக்கும் நேத்தும் முந்தாநாளும் போனேன்," என்றார். "ஏழு வீட்டுலயும் சேர்த்து ஒன்பது இருக்கிறது. ஒன்பது! பூட்டு உண்டு, வலை உண்டு, காவலும் உண்டு. எப்படிப் போகிறதென்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. இந்த ஊருக்குச் சீமைக்கோழி ஆகாதென்று எழுதிவிட்டு, எல்லாவற்றையும் மூடத்தான் கடைசியாக இங்கே வந்தேன்."

தேவகனி நிமிர்ந்தாள். "அங்கயும் சட்டிதானா, சார்?"

"சட்டி வைக்கிற ஓட்டை எல்லா வீட்டுக் கூட்டுக்கும் உண்டு. சங்கம் சொன்ன மாதிரிதானே."

"விடியக்காலமா போவுது?"

"ஆமா."

"ஞாயித்துக்கிழமை கூடுதலா?"

சுந்தரராஜ் எழுந்து நின்றார். "அது எப்படி உனக்குத் தெரியும்?"

அவள் சொன்னாள். அடுப்பை முதலில் மூட்டி, கனல் அள்ளி, சட்டியைச் செருகிவிட்டுப் பிறகு முழங்கால்படியிட வேண்டும் என்பதை, ரசலையன் ஒரு மணி நேரத்தில் சொன்னதை, நாலு வாக்கியத்தில் சொன்னாள். ஏழு சபை மணிகள் ஒரே நேரத்தில் அடிப்பதையும், அந்த நேரத்தில் ஏழு ஊர்க் கீரிகள் கிளம்புவதையும் சுந்தரராஜ் மனக்கண்ணில் பார்த்திருக்கவேண்டும். வாய்விட்டு ஒரு முனகல் வந்தது.

"பன்னிரண்டு என்று விதி வைத்தது நான்தான்," என்றார் கடைசியில். "பதினொன்று வைத்திருப்பவர் நீங்கள் ஒருத்தர்தான். வேலை உங்களுக்குத்தான் அம்மா. ஒண்ணாம் தேதி வந்து சேருங்கள்."

"ஒண்ணாம் தேதியா?" தேவகனி ஏற்கெனவே ராகேலை இடுப்பில் தூக்கியிருந்தாள். "நாளைக்கு விடியக்காலம் மணி அடிச்சா அந்த ஏழு வீட்டுலயும் சட்டிய உருவி வெளிய வப்பாவ. ஒன்பதுதான் இருக்குன்னு சொன்னீங்க. முதல் வீடு எங்க, சார்?"

சுந்தரராஜ் ஊர்ப் பெயர்களைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் படலைத் தாண்டியிருந்தாள். லாடம் அடித்த மாட்டைப் பூட்டிக்கொண்டு நாராயணபெருமாள் பின்னால் ஓடினார்.

மத்தியானம் கங்காணியின் ஆள் வந்து கூப்பிட்டபோது, வீட்டில் பதினோரு குஞ்சும், உமிக்கனல் அள்ளிப் புருவம் கருகிய ரசலையனும் மட்டுமே இருந்தார்கள்.

"தேவகனி எங்க ஓய்? மலைக்கு ஆள் ஒண்ணு குறையுது."

ரசலையன் சட்டியை ஓட்டையில் செருகி, ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"அந்தப் பாறையிடுக்குல ஒரு கீரி இருக்கு," என்றார். "நேத்திலிருந்து அதுக்கு வேலையில்ல. கூட்டிட்டுப் போம்."